15 நாளா, 11 நாளா? கூட்டு ஒப்பந்தத்தில் சுகயீன லீவை வாசிப்பது எப்படி

கனடாவில் யூனியன் உள்ள இடமொன்றில் முழுநேர வேலை கிடைத்தவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, “வருசத்துக்கு எத்தனை சிக் லீவு?” மத்திய அரசு அலுவலகத்தில் இருப்பவர் 15 என்பார். ஒன்ராறியோ பாடசாலையில் படிப்பிப்பவர் 11 என்பார். கேட்டவர் 15தான் நல்லது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருசத்தில் ஒரு பெரிய சத்திரசிகிச்சை வந்து நாலைந்து மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தால், கூடுதல் சம்பளம் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த 11 நாள்காரருக்குத்தான்.

இது எப்படி என்று விளங்கிவிட்டால் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள சுகயீன லீவுப் பகுதியை நீங்களே வாசித்துக்கொள்ளலாம். நல்ல ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்துகொண்டே, தனக்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஒன்ராறியோவிலிருந்து வருகின்றன.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். வேலைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தரநிலைகள் சட்டப்படி, இரண்டு கிழமை வேலை செய்த ஒருவருக்கு வருசத்தில் 3 நாள் சுகயீன லீவு உண்டு. ஆனால் சம்பளம் இல்லை. அந்த நாள்களுக்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது என்பதுதான் அதில் உள்ள பாதுகாப்பு. 2018இல் ஒரே ஒரு வருசம் அது 10 நாளாக, அதில் 2 நாள் சம்பளத்தோடு இருந்தது. 2019 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2022 முதல், 90 நாள் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 5 நாள் உண்டு. கியூபெக்கில் மூன்று மாதம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 2 நாள்.

வங்கி, விமான சேவை, தொலைத்தொடர்பு, மாகாணம் கடந்து ஓடும் லொறி போன்ற வேலைகள் மத்திய அரசின் தொழில் சட்டத்துக்குள் வருகின்றன. அங்கே 2022 டிசம்பர் 1 முதல் வருசத்துக்குச் சம்பளத்தோடு 10 நாள் வரை கிடைக்கும். தொடர்ந்து 30 நாள் வேலை செய்ததும் முதல் 3 நாள், அதன்பிறகு மாதம் ஒன்றாகக் கூடும். ஆக, ஸ்காபரோவில் ஒரே வீட்டில் இருந்து கணவர் வங்கிக்கும் மனைவி தொழிற்சாலைக்கும் போனால், யூனியன் இல்லாத நிலையில் அவருக்குச் சட்டப்படி 10 நாள் சம்பளம், இவருக்கு ஒரு சதமும் இல்லை. இது நியாயம் என்று எனக்குப் படவில்லை. ஒன்ராறியோவில் கூட்டு ஒப்பந்தம் ஏன் இவ்வளவு பெரிய விசயமாகிறது என்பதற்கு இதுவே காரணம்.

கூட்டு ஒப்பந்தம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இலங்கையில் தோட்டத் தொழிலாளர் சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் செய்திகளில் கேட்டு வளர்ந்ததுதான். இங்கேயும் அதே ஏற்பாடு. யூனியனும் வேலைதருநரும் பேசி, எழுதி, கையெழுத்திட்ட ஆவணம் அது. பேரப்பிரிவுக்குள், அதாவது யூனியன் சார்பில் பேசப்படும் ஊழியர் குழுவுக்குள், வரும் ஒவ்வொருவரையும் அது கட்டுப்படுத்தும். நீங்கள் யூனியன் கூட்டத்துக்கு ஒருநாளும் போகாதவராக இருந்தாலும் அதில் உள்ள உரிமை உங்களுக்கும் உரியது. சட்டம் தருவதற்குக் கீழே அது போக முடியாது, மேலே எவ்வளவும் போகலாம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஒப்பந்தம் 15 நாள், சட்டம் 3 நாள், ஆக மொத்தம் 18 என்று கூட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. ஒப்பந்தப்படி நீங்கள் சுகயீன லீவு எடுக்கும்போதே, அது சட்டத்தின் 3 நாளிலும் எடுத்ததாகக் கணக்காகிவிடும்.

அடுத்தது “முழுநேரம்” என்பது. வாரத்தில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தால் முழுநேர ஊழியர் என்று ஒவ்வொரு ஒப்பந்தமும் தானே சொல்லும். 37.5 மணித்தியாலம் என்பது அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் அடிக்கடி காணும் எண். சம்பளத்தோடு கூடிய சுகயீன லீவு பல இடங்களில் முழுநேர ஊழியருக்கு மட்டும்தான். பகுதிநேரக்காரருக்கு அதற்குப் பதிலாக மணித்தியாலச் சம்பளத்தோடு ஒரு சதவீதம் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே பகுதிநேரத்திலிருந்து முழுநேரத்துக்கு மாறும்போது சம்பளச் சிட்டையில் அந்தச் சதவீதம் காணாமற்போனால் பதற வேண்டாம். அதன் இடத்தில் என்ன வந்தது என்று மட்டும் விசாரியுங்கள்.

சேர்த்துவைக்கும் முறை

சரி, 15 நாளுக்கு வருவோம். கனடா மத்திய அரசு ஊழியர்களின் ஒப்பந்தங்களில் 15 என்ற எண்ணை அப்படியே தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது 9.375 மணித்தியாலம். ஒரு மாதத்தில் குறைந்தது 75 மணித்தியாலத்துக்குச் சம்பளம் பெற்றிருந்தால், அந்த மாதத்துக்கு 9.375 மணித்தியாலச் சுகயீன லீவு உங்கள் கணக்கில் ஏறும். நாளுக்கு 7.5 மணித்தியால வேலை என்பதால் அது ஒன்றேகால் நாள். பன்னிரண்டு மாதத்துக்கு 112.5 மணித்தியாலம், அதாவது 15 நாள்.

இது உண்டியல் மாதிரி. எடுக்காத நாள் அழியாது, அடுத்த வருசத்துக்குப் போகும், அதற்கு உச்சவரம்பும் இல்லை. ஆனால் வேலையை விட்டோ ஓய்வுபெற்றோ போகும்போது மிச்சத்தைக் காசாக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒட்டாவாவில் எழுதுவினைஞராக இருக்கும் ஒருவர் வருசத்துக்குச் சராசரியாக 4 நாள் மட்டும் எடுக்கிறார் என்று வையுங்கள். வருசத்துக்கு 11 நாள் மிஞ்சும். ஆறு வருசத்தில் 66 நாள். இந்த எண்ணுக்கு ஒரு முக்கியத்துவம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் ஊனக் காப்புறுதி (நோயால் நீண்ட காலம் வேலை செய்ய முடியாதவருக்கானது), நோய் தொடங்கி 13 கிழமை கழிந்த பிறகுதான் சம்பளத்தில் 70 சதவீதத்தைக் கொடுக்கத் தொடங்கும். கையில் உள்ள சுகயீன லீவு அதற்கு மேலும் இருந்தால், அது முடிந்த பிறகு. 13 கிழமை என்றால் 65 வேலைநாள். ஆக 65 நாள் சேர்த்துவைத்தவர் ஒரு சம்பளமும் தவறாமல் காப்புறுதிக்குள் போய்விடலாம்.

சேர்ந்து இரண்டே வருசமான ஒருவரைப் பாருங்கள். வந்தது 30 நாள். 8 நாள் எடுத்தாயிற்று, மிச்சம் 22. வேலைதருநர் விரும்பினால் 187.5 மணித்தியாலம், அதாவது 25 நாள், முற்பணம் மாதிரித் தரலாம். பிறகு உழைக்கும் லீவில் அது கழியும். அதையும் சேர்த்தால் 47 நாள். 65க்கு இன்னும் 18 வேலைநாள் குறைகிறது. அந்த இடைவெளியில் சம்பளம் இல்லை. ஈஐ என்று நாம் சொல்லும் வேலைக் காப்புறுதியைத்தான் நாட வேண்டும். அந்த 25 நாளைத் தர வேலைதருநர் கட்டாயப்பட்டவர் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. தராவிட்டால் இடைவெளி 43 நாள்.

சேர்த்துவைக்கும் முறையின் பலமும் பலவீனமும் இதுதான். சுகமாக இருந்து நீண்ட காலம் வேலை செய்தவருக்கு அது அருமையானது. இளம் வயதில் நோய் வந்தவருக்கும், புதிதாகச் சேர்ந்தவருக்கும், நீரிழிவோ மனச்சோர்வோ உள்ளதால் அடிக்கடி ஓரிரு நாள் எடுக்க வேண்டியவருக்கும் அது கை கொடுப்பது குறைவு.

வருசத்துக்கு வருசம் புதிதாகத் தரும் முறை

ஒன்ராறியோ அரசுப் பாடசாலை ஆசிரியர்களின் 11 நாள் இன்னொரு வகை. பாடசாலை வருடம் தொடங்கும்போதே 11 நாள் முழுச் சம்பளத்தோடு கிடைக்கும். அதற்குப் பின்னால், 11ஐ மட்டும் கேட்டவர்கள் தவறவிடும் பகுதி இருக்கிறது. குறுகிய கால ஊன லீவாக இன்னும் 120 நாள், 90 சதவீதச் சம்பளத்தில். மொத்தம் 131 நாள். ஒன்ராறியோவில் ஒரு பாடசாலை வருடத்துக்குக் குறைந்தது 194 நாள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு நோயாளியான ஆசிரியரின் வருமானம் காக்கப்படுகிறது, அவர் இரண்டாம் வருசக்காரராக இருந்தாலும் சரி, இருபதாம் வருசக்காரராக இருந்தாலும் சரி.

இந்த 11 நாளைச் சேர்த்துவைக்க முடியாது. ஆனால் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. போன வருசம் எடுக்காமல் மிஞ்சிய நாள்களை, இந்த வருசத்து 90 சதவீத நாள்களை 100 சதவீதமாக உயர்த்தப் பயன்படுத்தலாம். ஒரு நாளின் குறைபாடு பத்தில் ஒரு பங்குதான் என்பதால், மிஞ்சிய 6 நாள் 60 நாளுக்குப் போதும். இதைத் தெரியாமல், “மிச்ச நாள் எப்படியும் வீண்தானே” என்று ஜூன் மாதத்தில் நினைப்பவர்கள் தங்களுக்கே நட்டம் செய்துகொள்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கும் முன்பு உண்டியல் முறைதான் இருந்தது. வருசத்துக்கு 20 நாள் என்று சேர்த்து, பல கல்விச் சபைகளில் ஓய்வுபெறும்போது ஒரு பெரிய தொகையாக எடுத்துக்கொண்டு போகலாம். 2012இல் மாகாண அரசு கொண்டுவந்த சட்டமூலம் 115 அந்தச் சேமிப்பை நிறுத்தியது. பேசி முடிக்க வேண்டியதைச் சட்டத்தால் திணித்தது, கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை மீறியது என்று 2016இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பழைய முறை திரும்பவில்லை. 

ரொறன்ரோவில் 2009ஆம் ஆண்டு கோடையில் இருந்தவர்களுக்கு இதே சண்டையின் இன்னொரு முகம் நினைவிருக்கும். நகரசபை ஊழியர்கள் 39 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை எடுக்க ஆளில்லாமல் பூங்காக்களில் மலைபோலக் குவித்துவைத்திருந்தார்கள். அந்த நாற்றத்துக்கு நடுவே பேசப்பட்ட விசயங்களில் முதன்மையானது சுகயீன லீவுதான். வருசத்துக்கு 18 நாள் வீதம் சேர்ந்து, நீண்ட சேவை செய்தவர் ஓய்வுபெறும்போது ஒரு பகுதியைக் காசாக்கலாம் என்ற ஏற்பாட்டை நகரசபை நிறுத்த விரும்பியது. முடிவில் ஏற்கெனவே இருந்தவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் அல்லது ஒரு தொகைக்கு விட்டுக்கொடுக்கலாம் என்றும், புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறுகிய கால ஊனத் திட்டம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். இதனால்தான் ஒரே அறையில் ஒரே வேலை செய்யும் இருவருக்கு வேறு வேறு சுகயீன லீவு இருப்பதுண்டு. பக்கத்து மேசைக்காரர் சொன்னதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீங்கள் சேர்ந்த திகதிக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று பாருங்கள்.

மூன்றாவது வகையும் உண்டு. நாள்களை எண்ணாமல், ஒவ்வொரு நோய்க்கும் இத்தனை கிழமை, சேவைக் காலத்துக்கு ஏற்ப இத்தனை சதவீதம் என்று தருவது. ஒன்ராறியோ வைத்தியசாலைகளில் முழுநேரத் தாதிகளுக்கு 15 கிழமை வரை இப்படிப்பட்ட திட்டம் இருக்கிறது. புதியவருக்கு மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம், சேவை கூடக் கூட முழுச் சம்பளத்தை நோக்கிப் போகும்.

டொக்டர் நோட்

இதைப்போலச் சண்டை வரும் விசயம் வேறில்லை. 2024 அக்டோபர் 28 முதல், ஒன்ராறியோவில் சட்டம் தரும் அந்த 3 நாளுக்கு வைத்தியரின் சான்றிதழை வேலைதருநர் கேட்க முடியாது. சூழ்நிலைக்குப் பொருத்தமான வேறு ஆதாரம் கேட்கலாம், உதாரணமாக நீங்களே எழுதித் தரும் ஓர் உறுதிமொழி. மத்திய அரசின் சட்டத்தில், தொடர்ந்து 5 நாள் அல்லது அதற்கு மேல் எடுத்தால் மட்டும் சான்றிதழ் கேட்கலாம், அதையும் திரும்பி வந்த 15 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆனால் ஒப்பந்தம் தரும் சம்பளத்தோடு கூடிய மேலதிக நாள்களுக்கு ஒப்பந்தம் தன் விதியைப் போடலாம். சில ஒப்பந்தங்களில் மூன்று நாளுக்கு மேல் என்றால் நோட் வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கோ, வேறுவிதமாக அறிவிக்காதவரை, சுகமில்லாமல் வேலை செய்ய முடியவில்லை என்று தாங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கும் கூற்று போதும். நோட்டுக்கு டொக்டர் எடுக்கும் காசை யார் கட்டுவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஒப்பந்தங்களில் வேலைதருநர் கட்ட வேண்டும் என்று இருக்கும், யாரும் கேட்காததால் யாரும் தருவதில்லை.

இன்னொன்று. “என்ன வருத்தம்?” என்று முகாமையாளர் கேட்டவுடன் நம்மவர்கள் நோயின் பெயர், மருந்தின் பெயர் எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்கு வர முடியாது, எவ்வளவு காலம் பிடிக்கும், திரும்பி வரும்போது பாரம் தூக்கலாமா, நின்று வேலை செய்யலாமா என்பன வேலைதருநருக்குத் தெரிய வேண்டியவை. நோயின் பெயரைச் சாதாரணமாகச் சொல்லத் தேவையில்லை. மனநலப் பிரச்சினைக்காக லீவு எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல வெட்கப்பட்டு லீவே எடுக்காமல் விடுபவர்கள் பலர். சொல்லாமலே எடுக்கலாம்.

நாள் முடிந்துவிட்டால்

ஒப்பந்தத்தின் நாள்கள் தீர்ந்தபிறகு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஈஐ சுகயீனக் கொடுப்பனவு. 600 மணித்தியாலக் காப்புறுதி வேலை செய்திருந்தால், சராசரி வருமானத்தில் 55 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. 2022 டிசம்பர் 18 முதல் இது 15 கிழமையிலிருந்து 26 கிழமையாகக் கூடியிருக்கிறது. இதற்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். மற்றது வேலையிடத்தின் நீண்ட கால ஊனக் காப்புறுதி. பல திட்டங்களில் முதல் 24 மாதம் உங்கள் சொந்த வேலையைச் செய்ய முடியாது என்றால் போதும், அதன்பிறகு உங்களுக்குத் தகுந்த வேறு வேலையும் செய்ய முடியாது என்று காட்ட வேண்டியிருக்கும்.

இவை காசைப் பற்றியவை. வேலை காத்திருக்குமா என்பது வேறு கேள்வி. 2025 ஜூன் 19 முதல் ஒன்ராறியோவில் 13 கிழமை வேலை செய்தவருக்கு, கடுமையான நோய் என்றால் 27 கிழமை வரை சம்பளமில்லாத நீண்ட கால நோய் லீவு சட்டத்திலேயே வந்துவிட்டது. இதற்கும் வைத்தியச் சான்றிதழ் தேவை. இதைவிட மனித உரிமைச் சட்டமும் இருக்கிறது. நோயால் இயலாமை வந்தவருக்கு, வேலைதருநர் தனக்குத் தாங்க முடியாத சிரமம் வரும் அளவுவரை வேலையை அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும்.

வேலையிடத்தில் விழுந்து கை முறிந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அது சுகயீன லீவு அல்ல. ஒன்ராறியோவின் வேலையிடக் காப்புறுதிச் சபை நிகர வருமானத்தில் 85 சதவீதம் தரும். காயப்பட்ட நாளின் முழுச் சம்பளத்தை வேலைதருநர் தர வேண்டும். “இரண்டு நாள் சிக் லீவு எடு, பேப்பர் வேலை வேண்டாம்” என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கை திரும்ப நோகும்போது, அது வேலையில் வந்த காயம் என்று காட்ட ஒன்றும் இருக்காது.

மறுத்தால் என்ன செய்வது

யூனியன் இல்லாத ஊழியர் தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு செய்யலாம். யூனியன் உள்ளவர் ஒன்ராறியோவில் பொதுவாக அந்த வழியால் போக முடியாது. ஒப்பந்தத்தில் உள்ள முறைப்பாட்டு வழியால்தான் போக வேண்டும். முதலில் யூனியன் பிரதிநிதி, பிறகு எழுத்து மூல முறைப்பாடு, கடைசியில் நடுவர். நடுவரின் தீர்ப்பு இறுதியானது. ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தத்திலும் இந்த ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது மாகாணச் சட்டம்.

இதில் பலர் தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, நாள் கடந்துவிட்டதால். முறைப்பாடு கொடுக்க இத்தனை வேலைநாள் என்று ஒப்பந்தம் எல்லை போட்டிருக்கும், அது பெரும்பாலும் சில கிழமைகள்கூட இராது. சம்பளச் சிட்டையில் ஒரு சுகயீன நாளுக்குச் சம்பளம் வெட்டியிருப்பதைக் கண்டால் அந்தக் கிழமையே பிரதிநிதியிடம் சொல்லுங்கள். “அடுத்த சம்பளத்தில் சரிபண்ணுகிறோம்” என்று முகாமையாளர் சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஆனால் முறைப்பாட்டின் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள். ஒழுங்காகச் சரிசெய்துவிட்டார்கள் என்றால் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

யூனியன் உங்கள் விசயத்தைக் கண்டுகொள்ளாவிட்டால், நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை அதற்குச் சட்டத்தில் இருக்கிறது. அதை மீறினால் ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபைக்குப் போகலாம். அங்கே வெல்வது இலகுவல்ல. அதனால் முதலில் உள்ளூர்க் கிளைத் தலைவரிடம் எழுத்தில் கேட்பதே நல்லது.

ஒப்பந்தத்தின் பிரதி உங்களிடம் இல்லையென்றால் யூனியனின் இணையத்தளத்தில் தேடுங்கள், அல்லது ஒன்ராறியோ தொழில் அமைச்சின் இணைய நூலகத்தில் வேலைதருநரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். முதல் பக்கத்தில் உள்ள காலாவதித் திகதி கடந்திருந்தாலும் மூடிவிடாதீர்கள். புதிய பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, சட்டப்படி வேலைநிறுத்தமோ கதவடைப்போ செய்யக்கூடிய கட்டம் வரும்வரை பழைய ஒப்பந்தத்தின் சுகயீன லீவு அப்படியே நிற்கும். அதை வேலைதருநர் தன் விருப்பப்படி மாற்ற முடியாது.